நனைக்காமல் தைத்த ஸ்கிரீன்

காலையில் தைத்து மாட்டிய ஸ்கிரீனின் அடியோரம் நனைந்திருந்தது. மழை பெய்து ஒரு வாரமாகிறது.

பின்வாசலுக்கு நேரே தெரியும், தரையில் புதைத்த தண்ணீர்த் தொட்டி பிரபாவதியின் கண்ணில் படக் கூடாதென்று கணவன் ராஜீவ் வாங்கி வந்த பச்சைத் துணி அது. தொட்டி மூடியின் மேல் ஆட்டுக்கல்லையும் ஏற்றி வைத்திருந்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தரையைத் தொடும்படி அளந்துதான் ஓரம் அடித்தாள். இப்போது நாலு விரல் மேலே நின்றது. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுத் தாயம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நனைக்காம தைச்சா அப்டிதான்மா. தண்ணி பட்டா ஏறிக்கினே போவும்."

எங்கிருந்து பட்டது தண்ணீர் என்று கேட்பதற்குள் அவள் போய்விட்டாள். ராஜீவும் ஆட்டோவோடு காலையிலேயே போயிருந்தான். தெருவே காலி.

மடிப்பைப் பிரித்துத் துணியை இறக்கித் தைத்து மாட்டிவிட்டு, ஜன்னலுக்கான துணியோடு மிஷினில் உட்கார்ந்தாள். மலையிலிருந்து பம்பைச் சத்தமும் அரோகராவும் காற்றில் வந்து வந்து போக, மிஷின் எண்ணெய் வாசனைக்கு நடுவே பாசி பிடித்த தண்ணீரின் வாசனை மெல்ல அறைக்குள் ஏறியது.

நாலு மாதத்துக்கு முன்பும் இதே மிஷின்தான். ஆறு வயது கனிமொழி வந்து, ஒளிந்துகொள்ளப் போவதாகவும் அம்மா தேடி வர வேண்டும் என்றும் சொன்னாள். ஐஸ்பாய் ஆட்டத்தில் கனி கறார். மாட்டிக்கொண்டவர் எண்ண வேண்டும், அடுத்தவர் ஒளிய வேண்டும். பிரபாவதி இதோ வருகிறேன் என்றாள். யாருடைய ரவிக்கையையோ தைத்து முடித்தாள். ஹூக்கும் கட்டினாள். ஒரு ஹூக் கட்டாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? முழுகிவிட்டது. தேடிப் போனபோது தொட்டி மூடி விலகியிருந்தது. தண்ணீரிலிருந்து தூக்கிய குழந்தையின் இடது கால் கொலுசு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

சொட்டுச் சத்தம் கேட்டது.

மிஷினை நிறுத்தினாள். பம்பைச் சத்தம் ஓய்ந்திருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

திரும்பினாள்.

ஸ்கிரீன் ஒரு சாண் ஏறியிருந்தது. ஈரம் பாதித் துணிக்கு வந்துவிட்டது. அடியில் சின்ன விரல்கள். ஊறி வெளுத்தவை. இடது காலில் கொலுசு.

பயந்தாள். அதைவிட அழுகை வந்தது. இத்தனை நாள் யாரும் தேடி வராமல் பிள்ளை நின்றிருக்கிறாளே. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொன்னாள்.

"ஐஸ்பாய், கனி."

துணிக்குப் பின்னால் சந்தோஷமாக ஒரு சிரிப்பு.

"இப்போ நீ ஒளிஞ்சிக்கோம்மா. நான் எண்றேன்."

கொல்லையில் ஆட்டுக்கல் உரசி நகர்ந்தது.

ஸ்கிரீன் இன்னும் ஒரு சாண் ஏறியது. அந்த இரண்டு பாதங்களுக்கு நடுவே, தொட்டி திறந்து கிடந்தது.

"ஒண்ணு."