செல்வி அமுக்கும் முன்

குதிக்கும் சத்தம் முதலில் வந்தது. பொத்தானை அமுக்கும் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுப்படியில் ரவை வறுத்துக்கொண்டிருந்த ராதிகா கரண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். கல்வராயன் மலைப் பக்கமிருந்து மத்தியானமே இறங்கி வந்த மேகம் சங்கராபுரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் ஆவதற்குள்ளேயே ஊரை இருட்டாக்கிவிட்டிருந்தது. பின்கட்டுத் தகரத்தில் மழை விழும் இரைச்சல், கொடியில் காயாமல் தொங்கும் துணிகளின் வாடை, வறுபடும் ரவையின் மணம், பக்கத்து வீட்டு ஆடு நனைந்துகொண்டு கத்துவது, இத்தனைக்கும் நடுவில் கூடத்திலிருந்து அந்த இரண்டு சத்தங்களும் தெளிவாகக் கேட்டன. டொய்ங். பிறகு, டிக். டொய்ங். டிக்.

கூடத்தில் பாயின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மகள் செல்வி கேம் ஆடிக்கொண்டிருந்தாள். முழுப்பெயர் செந்தமிழ்ச்செல்வி. மூன்றாவது படிக்கிறவள் இந்தப் பெயரைப் பரீட்சைத் தாளில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்று அவள் அப்பா வெங்கடேசன் கேலி செய்வார். அவள் கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கேம் கருவி. அதன் திரையில் பச்சைத் தவளை ஒன்று கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் அமுக்கறதுக்கு முன்னாடியே குதிக்குதும்மா."

"அதுக்குத்தான்டி உங்கம்மா இத்தினி நாளா கண்ணு பூத்துப்போயி உக்காந்துகினு இருந்தா" என்று ராதிகா உள்ளேயிருந்தே சொன்னாள். குரலில் பெருமை இருந்தது.

வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவள் எமுலேட்டர் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கேம் பெட்டியைப் போலவே நடித்து, அந்தக் காலத்து ஆட்டங்களை இந்தக் காலத்துக் கருவியில் ஓடவைக்கிற மென்பொருள் அது. கருவி மலிவு, அதனால் மந்தம். பொத்தானை அமுக்கினால் தவளை யோசித்து யோசித்துத்தான் குதிக்கும். இதற்கு எமுலேட்டர் எழுதுகிறவர்கள் கையில் ஒரு தந்திரம் உண்டு. ஆடுகிறவர் அடுத்து எதை அமுக்குவார் என்று மென்பொருளே ஊகித்து, ஆட்டத்தை முன்கூட்டி ஓட்டிவிடும். ஊகம் சரியாக இருந்தால் லாபம். தப்பாக இருந்தால், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஆட்டத்தைப் பின்னால் இழுத்து, பழைய இடத்தில் வைத்து, மறுபடி சரியாக ஓட்டும். ஆடுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

அந்தப் பின்னால் இழுக்கிற வேலைதான் கருவியின் உயிரை வாங்கியது. ராதிகா ஆடினால் ஊகம் பாதிக்குப் பாதி தப்பும். செல்வி ஆடினால் தப்பவே தப்பாது. எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஆடிப் பார்த்தவள் அவள்தான், அவள் கை அதற்குப் பழகிப்போயிருக்கும் என்று ராதிகா நினைத்தாள். தப்பாத ஊகத்துக்குத் திருத்தம் எதற்கு? நேற்று அந்தப் பகுதியை அப்படியே வெட்டி எடுத்துவிட்டாள். கருவி பறந்தது. கம்பெனியில் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் பிரவீன்குமார் போனிலேயே துள்ளினான். "மேடம், செம ஸ்பீடு! இதுல கை வெக்காதீங்க, இப்டியே வுட்ருங்க" என்றான். மிச்சப்பட்ட வேகத்தையெல்லாம் ஊகத்துக்கே கொடுத்து, எவ்வளவு தூரம் முன்னால் ஓட முடியுமோ ஓடட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

எண்ணெயில் கடுகைப் போட்டாள். டொய்ங் என்றது கூடம். கடுகு பொரிந்தது, கறிவேப்பிலை சடசடத்தது, வெங்காயம் விழுந்து அடங்கியது. அதற்கப்புறம்தான் டிக் என்றது.

ராதிகா அடுப்பை அணைத்தாள்.

கூடத்துக்கு வந்து பார்த்தபோது செல்வி திரையைப் பார்க்கவே இல்லை. அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கம்பியில் வழியும் மழைத்தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்குப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. திரையில் தவளை எப்போதோ அந்தக் கற்களையெல்லாம் கடந்து, குளத்தின் மறுகரைக்குப் போயிருந்தது.

"எங்கடி பாத்துகினு ஆடற?"

"நான் ஆடலம்மா. கை தானா போவுது."

குழந்தை கண்டதையும் சொல்லும். ராதிகா சிரித்தபடி கருவியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கையிலும் தவளை தாவிக்கொண்டேதான் இருந்தது. யாரும் அமுக்காதபோதும் ஊகம் ஓடுகிறது, இதைச் சரிபண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

செல்வியின் கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தது.

ராதிகா திரையைப் பார்த்தாள். தவளை ஒரு கல்லைத் தாவியது. காத்திருந்தாள். மழை இரைந்தது. கட்டைவிரல் அமுங்கியது. தவளை இரண்டு முறை தாவியது. காத்திருந்தாள். கட்டைவிரல் இரண்டு முறை அமுங்கியது.



"செல்வி, வெளயாடாத. கைய நிறுத்து."

"நிறுத்தறேன்மா. நிக்க மாட்டே…"

ராதிகா பாயில் விழுந்து அந்த விரலைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள். உள்ளே அது துடித்தது. எட்டு வயசுப் பிள்ளையின் விரலுக்கு அத்தனை பலம் கிடையாது. ராதிகா ஒரு கையை மட்டும் விடுவித்து, கருவியைத் தேடி எடுத்து அணைத்தாள். திரை கறுத்தது. விரல் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். உயிர் போய் உயிர் வந்தது. விரலுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

வாய் பாதி திறந்திருந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. ஜன்னல் வழியாக வந்த காற்றில் நெற்றிமுடி மட்டும் அசைந்தது.

"செல்வி. ஏய். செல்வி."

கன்னத்தில் தட்டினாள். மூக்கின் கீழ் விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தாள். கருவியை மறுபடி போட்டாள். கம்பெனியின் சின்னம் திரையில் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஐயோ சீக்கிரம், ஐயோ சீக்கிரம் என்று அதைப் பார்த்து அழுதாள். சின்னம் மறைந்தது. தவளை வந்தது. செல்வியின் நெஞ்சு ஏறியது.

"…ங்குதும்மா" என்று முடித்தாள் குழந்தை. விரல் மறுபடி அமுங்கத் தொடங்கியது. "ஏம்மா அழுவுற?"

போன் அடித்தது. வெங்கடேசன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு அரவைக் காலத்தில் வீட்டுக்கு வரும் நேரம் அவர் கையில் இல்லை.

"மழைல வண்டிங்கல்லாம் அப்டியே நின்னுகினு இருக்குது. நான் கெளம்பிட்டேன். கொழந்தைக்கு இன்னா வாங்கியாரட்டும்?"

"ஒண்ணும் வேணாங்க. சீக்கிரம் வாங்க. செல்விக்கு… செல்விக்கு ஒடம்பு சரியில்லீங்க."

"இன்னா, ஜொரமா? டாக்டராண்ட போலாமா?"

டாக்டரிடம் என்ன சொல்வது? "நீங்க வாங்களேன்" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது தான் எவ்வளவு தனியாக இருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது.

லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டாலும் மூளை பழக்கதோஷத்தில் வேலை செய்தது. ஊகமும் குழந்தையும் ஒத்துப்போகவில்லை என்றால் யாராவது ஒருவரைத் திருத்தியாக வேண்டும். ஆட்டத்தைத் திருத்துகிற வழியை அவளே நேற்று வெட்டி எறிந்துவிட்டாள். அதற்கு மிச்சம் இருந்தது குழந்தைதான். அப்படியென்றால் வெட்டியதை மறுபடி ஒட்டினால் போதும். ஆட்டம் ஆட்டத்தையே திருத்திக்கொள்ளும். பிள்ளையை விட்டுவிடும்.

கருவியை அணைக்காமலே புதியதை அதற்குள் அனுப்ப ஒரு வழியை அவள் முன்பே வைத்திருந்தாள். லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போய் மாதக்கணக்காகிறது, ஒயரின் தயவில்தான் ஓடுகிறது. ஒயரைக் கால் இடறாமல் நகர்த்திக்கொண்டு, வெட்டிய பகுதியைத் தேடி எடுத்து ஒட்டினாள். சரிபார்க்கவில்லை. அனுப்பினாள்.

"நின்னுடுச்சிம்மா!"

செல்வி கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். ராதிகாவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

அப்போது கரண்ட் போனது. லேப்டாப் செத்தது. தெருவே இருண்டது. மேஜை மேல் கருவியின் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் தவளை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

"வாடி, உப்புமா சாப்புடலாம்" என்று கை நீட்டினாள்.

செல்வி எழுந்தாள். பாவாடையை உதறினாள். பாயைத் தாண்டி வந்தாள். "அம்மா, எனக்கு சக்கர தொட்டு…"

பாயில் உட்கார்ந்திருந்தாள்.

நடந்து போகவில்லை. திரும்பவில்லை. இங்கே இருந்தாள், அங்கே இருந்தாள். கட்டைவிரலை நீட்டி வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு.

எழுந்தாள். பாவாடையை உதறினாள். பாயைத் தாண்டினாள். "அம்மா, எனக்கு…"

பாயில்.

ராதிகா திரையைப் பார்த்தாள். தவளை கல்லிலேயே உட்கார்ந்திருந்தது. இந்தப் பிள்ளை இங்கேயே உட்கார்ந்து ஆடும் என்பது அதன் ஊகம். இந்தப் பிள்ளை எழுந்து போனால் அது தப்பு. தப்பென்றால் பின்னால் இழுத்து, பழைய இடத்தில் வைக்க வேண்டும். அவள்தான் அதற்கு அப்படி எழுதியிருந்தாள். அது இப்போது இழுப்பது தவளையை இல்லை.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். வாரித் தூக்கினாள். பிள்ளையின் கனம், தேங்காயெண்ணெய் வாசம், கழுத்தில் பட்ட மூச்சு. இரண்டடி எடுத்து வைத்தாள். கனம் போய்விட்டது. கைகள் வெறுமனே வளைந்திருந்தன. கழுத்தில் சூடு மட்டும் இருந்தது.

பாயில் செல்வி. இப்போது சிரிக்கவில்லை.

"அம்மா, நான் எத்தினி வாட்டி…"

பாயில்.

"எத்தினி வாட்டிம்மா எழுந்துக்…"

பாயில். கண்ணில் தண்ணீர் கோத்தது. உருண்டது. கன்னம் காய்ந்திருந்தது. மறுபடி கோத்தது. அவளுக்கு எல்லாம் தெரிகிறது. உடம்பைத்தான் அது திருப்பி வைக்கிறது. உள்ளே இருப்பதை இல்லை.

ராதிகா கருவியை எடுத்தாள். அணைக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். ஏறாத இறங்காத நெஞ்சு நினைவுக்கு வந்தது. விரலை எடுத்தாள். திரையின் ஓரத்தில் பேட்டரிக் குறி சிவப்பாக இருந்தது. சார்ஜர் சுவரில் தொங்கியது. கரண்ட் இல்லை. பவர் பேங்க் வெங்கடேசன் பையில். அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. அணைக்க முடியாது. அணையாமல் காக்கவும் முடியாது. கருவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"உக்காருடி கண்ணு" என்றாள். "எழுந்துக்காத. அப்டியே உக்காந்திரு. அப்பா வந்துடுவார்."

செல்வி அசையாமல் உட்கார்ந்தாள். இழுப்பு நின்றது. மழை பெய்தது. ஆடு கத்தியது. பிள்ளை அசையாமல் இருந்தாள். மூச்சைக்கூட மெல்ல விட்டாள். உதடு மட்டும் நடுங்கியது.

வாசலில் பைக் வந்து நின்றது. கதவு திறந்தது. ஈரக்காற்றோடு சர்க்கரைப் பாகு வாடை உள்ளே வந்தது. வெங்கடேசன் செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நின்றார், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னா, ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்துகினு இருக்கீங்க? செல்விக்கண்ணு, அப்பா இன்னா வாங்கியாந்திருக்கேன் பாரு."

குனிந்து கைகளை விரித்தார்.

"வேணாங்க" என்றாள் ராதிகா. "கூப்டாதீங்க. அவளக் கூப்…"

அதற்குள் செல்வி எழுந்துவிட்டாள். அப்பா என்று கத்திக்கொண்டு ஓடினாள். வெங்கடேசன் சிரித்தபடி அவளை வாரி அணைத்துக் கைகளை மூடினார்.

கைக்குள் ஒன்றும் இல்லை. அவர் குனிந்து பார்த்தார். வெளிச்சத்தைப் பாயின் பக்கம் திருப்பினார். செல்வி அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அட!" என்று அவர் பலமாகச் சிரித்தார். "அதுக்குள்ள எப்டிடி அங்க போன? நான் பாக்கவே இல்லியே." மறுபடி குனிந்தார். கைகளை இன்னும் அகலமாக விரித்தார். "எங்க, இன்னொரு தபா ஓடியா பாக்கலாம்."

செல்வி அம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஓடினாள்.