ஒரு ஆள், ஒரு ஆள்

பழவேற்காடு படகுத்துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சென்னைக் கார்கள் தெரு முழுக்க வரிசை கட்டி நின்றன. என் வீட்டுக்காரர் ஹேமநாத் தன் ஷேர் ஆட்டோவை இரண்டு கார்களுக்கு நடுவே கிடைத்த சந்தில் செருகி நிறுத்திவிட்டு, எப்படி என் திறமை என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அவரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுவாயல் ஜங்ஷனில் நின்று சிப்காட்டுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஆள் ஏற்றுவது அவர் தொழில். வண்டி நிறையாமல் கிளம்ப மாட்டார். உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட முடியாமல் முழி பிதுங்கும்போதும் வெளியே தலையை நீட்டி, "ஒரு ஆள், ஒரு ஆள்" என்று தொண்டை கிழியக் கத்துவார். கல்யாணமான புதிதில் தூக்கத்தில்கூடக் கத்தியிருக்கிறார். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஷிப்ட் முழுக்க மிஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் இவர் சத்தம். சத்தமே இல்லாத ஓர் இடத்துக்கு ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போ என்று நச்சரித்து நச்சரித்துத்தான் அன்றைக்கு அவரைக் கிளப்பியிருந்தேன்.

நாங்கள் போக நினைத்தது குருவித்திட்டுக்கு. ஏரியும் கடலும் சேர்கிற முகத்துவாரத்தை ஒட்டிக் கிடக்கும் மணல் தீவு அது. கொஞ்ச காலம் முன்புவரை மீன்பிடிக்கிறவர்கள்கூட அவசரத்துக்குத்தான் அங்கே ஒதுங்குவார்களாம். யாரோ ட்ரோனில் படம் பிடித்துப் போட்டார்கள். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், தூரத்தில் பூநாரைக் கூட்டம். அதற்கப்புறம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு மாலத்தீவு என்று பேர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் படகுக்கு அடிதடி.

எங்களை ஏற்றிக்கொண்டவர் துலுக்காணம். தலையில் துண்டு, வாயில் பாக்கு, அதிகம் பேசாத மனிதர். எங்களோடு சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடியும் ஏறியது. அந்தப் பெண் ஏறியதிலிருந்து போனுக்குத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாதி தூரம் போனதும் துலுக்காணம் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். திட்டுல எறங்கின பின்னால யாரும் யாரையும் வா, ஏறுன்னு கூப்புடாதீங்க. கெளம்பசொல்ல நான் படகுல கோலால தட்டுவேன். அத்த கேட்டு வந்துருங்க."

சென்னைப் பையன் ஏன் என்று கேட்டான். துலுக்காணம் தண்ணீரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். முகத்துவாரத்துச் சுழலில் போனவர்களில் உடம்பு கிடைக்காதவர்கள் அந்தத் திட்டில்தான் இருக்கிறார்களாம். கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டார்கள், கூப்பிடாமல் யார் படகிலும் ஏறவும் மாட்டார்கள். கூப்பிட்டால் மட்டும் ஏறிவிடுவார்கள். வீட்டுக்குப் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது என்றார். அவர்கள் குப்பத்தில் பெற்ற பிள்ளையைக்கூட அங்கே பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம்.

அந்தப் பெண் போனில் படம் பிடிக்க இதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் சொல்லவில்லை. ஹேமநாத் என் காதருகே வந்து, டூரிஸ்டுக்கு நல்லா கதை வுடறான் பாரு என்றார்.

திட்டு அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. மணல் காலைச் சுடாமல் மெத்தென்று இருந்தது. இதய வடிவில் கம்பி வளைத்து அதில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். இறால் வறுக்கிற வாசனை, சிதறிக் கிடந்த பாட்டில்கள், எங்கே பார்த்தாலும் போட்டோ. ஆனால் பொழுது இறங்க இறங்க, யாரும் சொல்லாமலேயே கூட்டம் கரைந்தது. வறுவல் கடைக்காரர்கள் அடுப்பை அணைத்து, சாமான்களைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் படகேறினார்கள். கடலின் இரைச்சல் அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்தது.

எங்கள் படகில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் போய் உட்கார்ந்தோம். சென்னை ஜோடியைக் காணோம்.

துலுக்காணம் மறுபடியும் தட்டினார். திட்டின் மறுகோடியில், முகத்துவாரத்தை ஒட்டி, இரண்டு புள்ளிகள் சூரியனோடு படம் எடுத்துக்கொண்டிருந்தன. அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு, எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர்களைக் கூட்டிவர நடந்தே போனார். ஒரு குரல் கொடுத்தால் முடிகிற வேலைக்கு அவ்வளவு தூரம் நடந்து போகிறாரே என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது.

ஹேமநாத்துக்குக் காலி வண்டியில் சும்மா உட்காரத் தெரியாது. கொஞ்ச நேரம் நெளிந்தார். அப்புறம் எழுந்து படகின் முனையில் ஏறி நின்றார். கையை வாயருகே குவித்தார்.

"சிப்காட், பைபாஸ், கும்மிடிப்பூண்டி. ஒரு ஆள், ஒரு ஆள். ஏறு ஏறு, கெளம்பிடலாம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்ததும் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை, அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை. "ஒரு ஆள், ஒரு ஆள். சீட் காலி." ஜங்ஷனில் நிற்கிற அதே ராகம்.

தண்ணீரில் மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின.

ஒன்றுகூடக் கத்தவில்லை. இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. அவை போன பிறகு கடலின் இரைச்சலும் நின்றுவிட்டது.

துலுக்காணம் மணலில் ஓடிவந்தார். பின்னால் அந்த ஜோடி மூச்சிரைக்க வந்தது. வந்தவர் என் புருஷன் முகத்தைப் பார்த்தார். யார் கூப்பிட்டது என்று கேட்கவில்லை. எல்லோரையும் உள்ளே தள்ளாத குறையாக ஏற்றி, படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுத் தானும் ஏறினார்.

அவர் ஏறியதும் படகு ஆடி நின்றது.

பிறகு இன்னொரு தடவை ஆடியது.

ஹேமநாத் உட்கார்ந்திருந்த பக்கம் கீழே அமுங்கியது. அவர் அரை சீட்டுக்குத் தள்ளி உட்கார்ந்தார். தன் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகியவர், யோசிக்காமலேயே செய்துவிட்டார். செய்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பலகை மட்டும் நனைந்திருந்தது. நனைந்த துணியோடு ஒருவர் உட்கார்ந்தால் எப்படி நனையுமோ அப்படி. நான் பார்க்கப் பார்க்க அந்த ஈரம் அகலமாகிக்கொண்டே வந்தது.

அழுகிய பாசியின் நாற்றம் மூக்கில் ஏறியது.

ஆழமான வாய்க்காலுக்கு வந்ததும் மோட்டார் நின்றது. துலுக்காணம் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. தெற்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அங்கே மனிதர்கள் டீ குடித்துக்கொண்டு வேலை செய்வார்கள் என்று நினைத்தேன். என்னால் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. பிறகு அரை சாண்.

துலுக்காணம் குனிந்து, உதடு அசைவது தெரியாமல் பேசினார்.

"கூப்ட்டவரு எடம் குட்த்துட்டாரு. இப்ப ஒண்ணு அது எறங்கணும். இல்ல, இவரு எறங்கணும். ரெண்டையும் படகு தாங்காது."

ஹேமநாத்துக்கு நீச்சல் தெரியாது. குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவே பயப்படுகிற மனிதர். நான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யார் இறங்கினாலும் சரி, இந்தக் கையை மட்டும் விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை. சென்னைப் பெண் புருஷன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் போன் காலடியில் தண்ணீரில் கிடந்தது.

அப்போது எல்லோருக்கும் கேட்டது. ஹேமநாத்தின் தோளருகே, காலி இடத்திலிருந்து, தொண்டையில் தண்ணீர் நிற்கிற குரல்.

"சிப்காட் போவுமா?"

மிரட்டல் இல்லை. கோபம் இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட ஒருவர் கேட்பது போலத்தான் இருந்தது.

என் புருஷன் வாய் திறந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். போவும் என்கிற சொல் உதட்டுக்கு வந்துவிட்டது. நான் பாய்ந்து உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினேன். துலுக்காணம் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வடிந்தது. கணுக்காலில் சில்லிட்டது.

"போவாதுன்னு சொல்லுய்யா," என்றேன் காதோடு. "எறக்கி வுடு. உன் வண்டிதான, நீ சொன்னா எறங்கும்."

கையை எடுத்தேன். அவர் காலி இடத்தைப் பார்க்காமல் நேராகப் பார்த்தபடி பேசினார். ஜங்ஷனில் அதட்டுகிற குரல் இல்லை அது. கெஞ்சல்.

"வண்டி போவாதுங்க. இத்தோட சரி. எறங்கிக்குங்க."

எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் உள்ளே வடிந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு பெருமூச்சு.

அந்தப் பெருமூச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் விடுகிற மூச்சு. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சட்டென்று நிமிர்ந்தது. தண்ணீரில் தெறிப்புகூட இல்லை. துலுக்காணம் கயிற்றை இழுத்தார், மோட்டார் பிடித்துக்கொண்டது.

துறையில் இறங்கியதும் சென்னை ஜோடி திரும்பிக்கூடப் பார்க்காமல் காருக்கு ஓடியது. ஹேமநாத் மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் கூடவே அழுதேன். பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான். துலுக்காணம் படகைக் கட்டிவிட்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"நைனா, எத்தினி வாட்டி கூப்ட்ட? எறங்கனது ஒண்ணுதான்."

அதையெல்லாம் யார் கணக்கு வைத்துக்கொள்வார்கள் என்று ஹேமநாத் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். துலுக்காணம் எங்கள் ஆட்டோ நின்ற பக்கம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். வண்டி மேட்டில் ஏற முக்கியது. டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று அவர் சொன்னார்.

மறுநாள் வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. புதுவாயல் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸுக்காக நான் நிற்க, அவர் ஆட்டோவை வரிசையில் முதலாவதாக நிறுத்தினார். பளிச்சென்று வெயில் அடித்தது. டீக்கடையில் கூட்டம். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நேற்று நடந்தது எதுவும் உண்மையில்லை என்று நம்பலாம் போலிருந்தது.

சாப்பாட்டுப் பையோடு இரண்டு பேர் வந்தார்கள். குனிந்து ஆட்டோவுக்குள் பார்த்தார்கள். நிமிர்ந்து, பின்னால் நின்ற சந்திரமோகன் வண்டியில் போய் ஏறிக்கொண்டார்கள்.

அடுத்து ஒரு பெரியவர் வந்தார். அவரும் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் அப்படியே செய்தார்கள். காலியாத்தான கீது, ஏறுங்க என்று ஹேமநாத் சொல்லச் சொல்ல, விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்கிற பானு வந்தாள். அவளும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, ஏன் ஏறவில்லை என்று கேட்டேன்.

"எடம் எங்கக்கா கீது?" என்றாள் சாதாரணமாக.

நான் நின்ற இடத்திலிருந்து உள்ளே தெரிந்தது. இரண்டு சீட்டும் காலி. ஹேமநாத் என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும் என்று விறுவிறுவென்று போய் ஏறி, பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து சந்திரமோகன் குரல் கொடுத்தான்.

"அதான் அண்ணியும் ஏறிட்டாங்களே. ஃபுல்லு. எடுப்பா வண்டிய."

என் இரண்டு பக்கமும் சில்லென்று ஏதோ கொஞ்சம் ஒதுங்கி, எனக்கு இடம் விட்டது.