ஈரம் உலராத துப்பாக்கி

கார்த்திகை வெள்ளம் இரு கரையும் தொட்டுப் புரண்டோடிய வைப்பாற்றின்மீது, அந்தி மயங்கும் வேளையில், கிழக்கே பனங்கூட்டத்துக்கு மேலாக முழுமதி எழுந்து, கருங்குன்றக் கோட்டையின் மதில்களையெல்லாம் வெண்ணிறமாக்கிக்கொண்டிருந்தது. அன்பார்ந்த வாசகர்களே! இத்தகைய மாலையிலும் நம் செண்பகராயன் நிலவைப் பார்க்கவில்லை. ஆயுதசாலைத் தரையில் கிடந்த நாற்பது துப்பாக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கும்பினிப் படையின் ஒற்றனான அவன், பொய்ப் பெயரைச் சுமந்து இப்பாளையத்தில் புகுந்து இரண்டு திங்களாகின்றன. இன்றிரவு பாளையத்து வீரர்கள் ஆற்றைக் கடந்து தாக்கும்போது ஒரு துப்பாக்கியும் வெடிக்கக் கூடாது என்பதே அவனுக்கிட்ட கட்டளை. அதையும் முடித்துவிட்டான். குழல்களை வெந்நீரால் கழுவியவன், உள்ளே உலர்ந்த துணி செலுத்தாமல் புறத்தை மட்டும் துடைத்து வைத்திருந்தான். ஈரக் குழலில் இட்ட வெடிமருந்து வெறும் சேறுதானே! காரியம் கைகூடியும் அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது.

காரணம், ஆயுதசாலையின் தலைவி வெயிலுகந்தாள். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பில் கரி ஒட்டும், இரும்புக்கோல் குழலைக் கீறும். சாம்பல் தெளிநீரும் பனைநார்த் தூரிகையும் வெந்நீரும் முதலில், நல்லெண்ணெய் கடைசியில் என்று அவள் நாள்தோறும் சொல்லிக் கேட்டதில் அவன் மனத்தைப் பறிகொடுத்திருந்தான். காதலர் பேசும் பேச்சா இது என்று நகைக்காதீர்கள். அவரவர்க்கு வாய்த்ததைத்தானே அவரவர் பேச முடியும்!

கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள்.

"களைத்துவிட்டீரா?"

"களைப்புதான், தேவி."

"நானும்தான்" என்று அவள் தரையில் அமர்ந்தாள். "நடித்து நடித்து ஓய்ந்துவிட்டேன். நீர் வந்த முதல் நாளே துப்பாக்கியைத் துலக்கச் செங்கற்பொடி கேட்டீர். குழல் கண்ணாடியாய்ப் பளபளக்க வேண்டுமென்பது கும்பினியார் அணிவகுப்புக்குத்தான். நிலவில் பதுங்கிச் சுடும் எங்களுக்கு மின்னும் துப்பாக்கி எமன் அல்லவா? அன்றே உம்மை அறிந்துகொண்டேன். இவை நாற்பதும் விசை தேய்ந்த கழிசல்கள். நல்லவை நண்பகலிலேயே மேற்குத் துறையைக் கடந்துவிட்டன."

செண்பகராயன் அவள் பக்கம் திரும்பினான். "பின் ஏன் என்னை அன்றே சிறைப்படுத்தவில்லை?"

"உம்மைப் பிடித்தால் இன்னொருவன் வருவான். தெரிந்த ஒற்றனே மேல். அது ஒரு காரணம்."

மற்றொரு காரணத்தை அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கத் துணியவில்லை.

"காவலர் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றாள். "பிடிபட்டால் விடியும்முன் உம் தலை உருளும். இச்சாளரத்தின்கீழ் ஆறு ஓடுகிறது. ஆயினும் நான் என் தலைவரின் உப்பைத் தின்றவள். தப்பியோடும் ஒற்றனைச் சுடாமல் விட்டேன் என்ற பழி எனக்கு வேண்டாம். என் துப்பாக்கியைக் கழுவி மருந்திடும் வரைதான் உமக்கு அவகாசம்."

சுவரிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்தாள். தெளிநீர் ஊற்றினாள், தூரிகையால் தேய்த்தாள், வெந்நீர் விட்டுக் கவிழ்த்தாள். அவன் அசையாமல் அவளையே பார்த்து நின்றான். அவள் மருந்தைக் கொட்டிக் குண்டை இட்டாள்.

"இன்னும் ஏன் நிற்கிறீர்? போய்விடும்!"

படியில் காலடிகள் கேட்டன. அவன் சாளரத்தைத் தாண்டிக் குதித்தான்.

நடு ஆற்றில் தலை தூக்கித் திரும்பிப் பார்த்தான். நிலா பட்டப்பகலாகக் காய்ந்தது. குறி தவற வழியில்லை. சாளரத்தில், இருபுறமும் காவலர் நிற்க, அவள் அவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தாள். விசையருகே இட்ட துளி மருந்து பளிச்சென்று எரிந்து அவள் முகத்தைக் காட்டியது. குண்டு வரவில்லை.

"அம்மணியின் துப்பாக்கியா பொய்த்தது!" என்று ஒரு காவலன் வியந்து கூவியது நீரின்மேல் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் செண்பகராயனுக்கு நினைவு வந்தது. வெந்நீருக்குப் பின் அவள் கை உலர்ந்த துணியை எடுக்கவே இல்லை.

அவன் அழுதுகொண்டே அக்கரைக்கு நீந்தினான்.