லெமெத்தின் மெட்டு

குளிர்காலக் குடிசைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மத்தியானம்தான். இருந்தாலும் கும்மிருட்டு. எங்கள் வடதுருவப் பக்கத்தில் ஜனவரி வரைக்கும் சூரியன் தலைகாட்டாது. என் வீட்டுக்காரர் யோவ்னா அடுப்பை மூட்டினார், நான் காபிக்குப் பனியை உருக்கினேன். பனிமான் மந்தையைப் பார்க்கப் போன எங்கள் மகன் லெமெத் எங்களுக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். "என்னம்மா, ஊர்ந்து வர்றீங்க, வயசாயிடுச்சா?" என்று கிண்டல் பண்ணியிருக்க வேண்டும்.

வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

"ஏரியைக் குறுக்கால கடந்திருப்பானோ?" என்றேன்.

"சுத்தித்தான் வரச் சொன்னேன்."

"நீங்க சொல்லி எதைக் கேட்டிருக்கான் அவன்?"

யோவ்னா அடுப்பில் இன்னொரு விறகைத் திணித்தார். அந்த ஏரியில்தான் அவர் தம்பி பனி உடைந்து உள்ளே போனான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் பேரும் லெமெத்தான். எங்களுக்குப் பையன் பிறந்ததும் செத்தவன் பேரையே வைத்தோம். அது வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் எங்கள் ஜனங்களில் ஆளுக்கொரு மெட்டு உண்டு. அதைப் பாடினால் அந்த ஆளைப் பற்றிப் பாடுவதாக அர்த்தமில்லை. ஆளையே எதிரில் வரவழைப்பதாக அர்த்தம். குழந்தைக்கென்று புதுசாக ஒன்று கட்ட வேண்டும். இந்த மனுஷன் தம்பிமேல் வைத்த பாசத்தில், பேரோடு சேர்த்து அவன் மெட்டையும் தொட்டிலிலேயே பாடிப் பழக்கிவிட்டார். வேண்டாம் என்று அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

வெளியே வந்து பார்த்தேன். வானம் முழுக்கத் துருவ ஒளி. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வாயைப் பிளந்து பார்க்கிற அதே பச்சை வெளிச்சம். எனக்கு அதை அண்ணாந்து பார்க்கவே பிடிக்காது. சால்வையைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அது இருக்கும்போது நாங்கள் விசிலடிக்க மாட்டோம், பாட மாட்டோம். செத்துப்போய் மேலே இருப்பவர்களுக்குக் காது கேட்கிற நேரம் அது.

ஏரிப் பக்கம் மகனின் பனிவண்டி உறுமுவது கேட்டது.

பிறகு நின்றுவிட்டது.

நான் அவன் மெட்டைப் பாட வாயெடுத்ததும் யோவ்னா கையைப் பிடித்தார். "வேண்டாம்டி. மேல பாரு."

"எம்புள்ள அங்க வழி தெரியாம நிக்கிறான். சத்தம் கேட்டாத்தான வருவான்? கைய விடுங்க."

பாடினேன்.

வெளிச்சம் அசையாமல் நின்றது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. காய்ந்த தோலை மடக்குவது போல மேலே சடசடவென்று சத்தம். எதுவும் மணக்காத அந்தக் குளிரில் ஏரிப் பாசியின் வாடை வந்தது.

பனியில் காலடி.

லெமெத் வந்தான். அதே மூக்கு, அதே அரைகுறைத் தாடி. கட்டிக்கொண்டு அழுதேன். அவன் கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துப்பினால் எச்சில் உறைகிற குளிரில் அந்த ஈரம் உறையவே இல்லை.

உள்ளே அடுப்போரம் உட்கார வைத்தோம். யோவ்னா அவன் கைகளைத் தேய்த்துவிட்டார். "வண்டி எங்கடா?" என்று கேட்டார். அவன் குடிசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அடுப்பை மாத்திட்டீங்களா?" என்றான்.

அந்த அடுப்பை வைத்தது கொழுந்தன் செத்த பிறகு, என் மகன் பிறப்பதற்கு முன்னால்.

தேய்த்துக்கொண்டிருந்த யோவ்னாவின் கை நின்றது. ஆனால் பிடித்த கையை அவர் விடவில்லை. அவர் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்போது ஏரிப் பக்கமிருந்து, ரொம்பத் தூரத்தில்...

"அம்மா."

வெளியே ஓடினேன். வெளிச்சம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, வழி தெரியல. பாடும்மா."

என் பிள்ளையின் குரல். பெற்றவளுக்குத் தெரியாதா?

தொண்டை கிழியப் பாடினேன். அவனைக் கூப்பிட எனக்கு வேறு மெட்டு இல்லை.

ஈரமான கை ஒன்று பின்னாலிருந்து என் தோள்மேல் விழுந்தது.

"கத்தாதீங்க அண்ணி. இங்கதான இருக்கேன்."