எச்சரித்த குரல்

போன் அலறியது!

ரெக்கார்டிங் அறையில் மைக்கை அணைத்துவிட்டு எடுத்தாள் அந்தக் குரல் கலைஞி. நாளைக் காலை கணவனுக்கு இதய ஆபரேஷன். ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும்...

இல்லை.

"எச்சரிக்கை! உங்கள் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்..."

அவளுடைய குரல்! போன மாதம் பேங்குக்காக இதே மைக்கில் பேசிக் கொடுத்தது.

'யாரிடமும்' என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாமோ? தொழில் புத்தி, போகுமா!

அடுத்து ஓர் ஆண் குரல்.

"மேடம், பேங்க்ல இருந்து பேசறேன். உங்க கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கறாங்க! நிறுத்தணும்னா இப்ப வர்ற எண்ணைச் சொல்லுங்க. சீக்கிரம்!"

அது ஆபரேஷன் பணம்!

அவள் பதறுவதைப் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் ஓடி வந்தார்.

"யாரும்மா அது? நம்பர் கிம்பர் சொல்லித் தொலைச்சிடாதே!"

"சும்மா இருங்கண்ணே! நாம பண்ண ரெக்கார்டிங் ஓடுது. அது பேங்கைத் தவிர வேற யார்கிட்ட இருக்கும்?"

சொல்லிவிட்டாள். ஆறு எண்கள்!

லைன் செத்தது. அடுத்த நிமிடமே மெசேஜ். கணக்கில் மிச்சம்... பூஜ்யம்!

"ஐயோ... என் புருஷன் உசிருண்ணே அது!"

இன்ஜினியர் போனில் பேங்க் நம்பரைத் தட்டி அவள் கையில் திணித்தார். ஆபரேஷன், ரெக்கார்டிங் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். பேங்க் அதிகாரி சொன்னார்:

"கணக்கை முடக்கறோம் மேடம். போலீசுக்கும் சொல்லிடறோம். ஆனா... நாங்க யார் குரலையும் பதிவு பண்ணலையே!"

"அப்ப போன மாசம் டை கட்டிக்கிட்டு வந்தாரே, அவரு?"

'கேக்கறவங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரணும் மேடம்' என்று நாலு டேக் வாங்கிய படுபாவி!

ஒரு மணி நேரம் நரகமாய் நகர்ந்தது. கதவு திறந்தது. பெண் இன்ஸ்பெக்டர்!

"உடனே சொன்னதால பிழைச்சீங்க. பணத்தை வழியிலயே மடக்கியாச்சு. ஆபரேஷன் நடக்கும்."

அவள் ஓவென்று அழுதே விட்டாள்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. ஏற்கெனவே ஏமாந்தவங்க பதினேழு பேர். ஏன் நம்பினீங்கன்னா, எல்லாருக்கும் ஒரே பதில். 'திருடன் எங்கயாவது ஜாக்கிரதைன்னு சொல்லுவானா? அந்தம்மா குரலைக் கேட்டுத்தான் நம்பினோம்!' கிளம்புங்க, ஜீப்ல ஏறுங்க."

"மேடம்! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது! நானே பதினெட்டாவது ஆளு!"

"அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க..." இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தாள். "ஆனா தயவுசெஞ்சு அந்தக் குரல்ல மட்டும் வேண்டாம். நானே நம்பித் தொலைச்சிடுவேன்!"