மூன்று பல் தள்ளி!

"அய்யோ... அம்மா!"

அலறல் மாடி வரைக்கும் கேட்டது.

கோர்ட்டு குமாஸ்தா லூயிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். வாயைத் துடைத்தான். ஓடவில்லை... நடந்தான்!

சாரம் என்கிற ஊரில் அவன் வீடு; கீழே கார் கொட்டகை. சுவருக்கும் காரின் மூக்குக்கும் நடுவே கிடந்தான் டிரைவர் கலியமூர்த்தி. நெற்றிப்பொட்டில் ரத்தம். ஸ்டார்ட் பண்ண இன்ஜினில் செருகிய ஹேண்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மூச்சு இல்லை!

லூயிஸின் மனைவி ரோசா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவளைத்தான் பார்த்தான் லூயிஸ். பிணத்தை அல்ல!

பதினைந்து நாளுக்கு முன் கோர்ட்டில் ஒருத்தன் பிரெஞ்சு மரியாதையோடு சொன்னான். "முசே, உங்க மதாம தவளக்குப்பம் ரோட்டுல பார்த்தேன். டிரைவரும் அவங்களும் முன்சீட்டுல... ஒரே சிரிப்பு!"

அன்றிலிருந்து லூயிஸுக்குச் சோறு இறங்கவில்லை.

வழியைக் கலியமூர்த்தியே கொண்டுவந்தான்.

"இன்ஜின் முன்னால டைமிங் மூடி ஓரமா எண்ணெய் ஒழுகுது முசே. கேஸ்கட் போயிடுச்சு. வீட்டுலயே மாத்திடறேன்."

"மாத்துப்பா!"

சனிக்கிழமை ரேடியேட்டரைக் கழற்றினான். பெல்ட், கப்பி, பிறகு மூடி. உள்ளே பளபளவென்று பல்சக்கரங்கள். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்தான். தடித்த காகிதத்தை மூடிமேல் வைத்து, ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புதுசு வெட்டினான். மத்தியானம் சாப்பிடப் போனான்.

அந்த அரைமணி போதும்!

வண்டியோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை லூயிஸ் உருப்போட்டிருந்தான். நெருப்புப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் சக்கரத்தைக் கழற்றினான். மூன்று பல் தள்ளிப் பூட்டினான். இனி பொறி உரிய நேரத்துக்கு முன்னாலேயே வரும். ஹேண்டிலைச் சுற்றினால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்... குதிரை மாதிரி!

கலியமூர்த்தி வெற்றிலை போட்டபடி திரும்பி வந்தான். தன் சாவின் மேல் தானே மூடியை வைத்தான். எட்டு போல்ட்டையும் இறுக்கினான்.

"பசை காயட்டும் முசே. காலையில ஸ்டார்ட் பண்ணிடலாம்."

"அவசரமே இல்ல கலியமூர்த்தி!"

ஞாயிறு காலை ஸ்டார்ட் பண்ணினான்.

போலீஸ் ஏட்டு, பிரெஞ்சில் பிரிகாதியே, லூர்துநாதன் வந்தார். குனிந்து பார்த்தார்.

"மூடிய யாரு பூட்டினது?"

"அவனேதான்! தெருவே பார்த்துச்சு. எங்கயோ தப்பாப் பூட்டிட்டான், பாவம்."

"விபத்து" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்!

அடுத்த ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் லூயிஸ் சட்டையைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தான். சக்கரத்தை மூன்று பல் பின்னால் மாற்றினான். புதுக் கேஸ்கட். சாயங்காலம் பசை காய்ந்ததும் ரேடியேட்டரையும் ஏற்றினான்.

ரோசா வாசற்படியில் நின்றாள்.

"உங்களுக்கு இந்த வேலயெல்லாம் தெரியுமாங்க?"

"போன வாரச் சனிக்கிழமையே தெரியும்." சிரித்தான். "நான்தாண்டி தள்ளி வெச்சேன்! உன் ஆசை நாயகனுக்கு என் கையால..."

அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அழவில்லை.

"கலியமூர்த்தியா? எனக்கா?"

"தவளக்குப்பம் ரோட்டுல சிரிச்சது யாரு?"

"நான்தான். கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். உங்களுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது... நானே கோர்ட்டுல கொண்டுபோயி விடலாம்னு. அவரு பொண்டாட்டி ஏழு மாசம் முழுகாம இருக்கா. பேரு வெக்க என்னைத்தான் கூப்பிட்டாரு."

"கதை விடாத!"

"ஓட்டிக் காட்டட்டுமா?"

"காட்டுடி, பார்க்கலாம்!"

ரோசா புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஸ்விட்சைத் திருகினாள். இடதுகாலால் கிளட்சை மிதித்தாள். கை கியர்க் கம்பியில்!

லூயிஸ் அவள் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். இவளுக்கு நிஜமாகவே தெரியும்... அப்படியானால் கலியமூர்த்தி?

"சுத்துங்க! இப்ப திருப்பி அடிக்காதுல்ல?"

"நான் பூட்டினது. அடிக்காது!"

சுவருக்கும் காருக்கும் நடுவே குனிந்தான். ஹேண்டிலை ஒரே இழுப்பு.

இன்ஜின் உறுமியது. உதைக்கவே இல்லை! லூயிஸ் பெருமையாக நிமிர்ந்தான்.

"பார்த்தியா?"

"பார்த்தேங்க."

ரோசா கியரைத் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தாள்.

இந்த முறை அலறல் தெருக்கோடி வரை கேட்டது. இரண்டாவது அலறலுக்கு லூயிஸிடம் மூச்சு இல்லை.

மறுபடி லூர்துநாதன். சுவரைப் பார்த்தார். நசுங்கிப்போன ரேடியேட்டரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே இருந்ததைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார்.

"கொட்டகையிலேர்ந்து பின்னாலதான வரணும், மதாம்? முன்னால ஏன் விட்டீங்க?"

ரோசா முந்தானையால் காய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க பண்றது... ரிவர்ஸ் சொல்லிக்குடுக்கறதுக்குள்ள வாத்தியாரு செத்துட்டாரே!"