நடக்கத் தெரியாத குருவி

சனிக்கிழமை காலையில் ஒரு காவோலை விழுந்தது.

காவோலை விழுவதெல்லாம் ஒரு புதினமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சரிதான். முல்லைத்தீவுக் கரையோரத்தில் காற்று எழும்பிவிட்டால், பனைகளிலிருந்து காய்ந்த ஓலை விழாத நாள் கிடையாது. ஆனால் இந்தக் காவோலைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

அதைக் கண்டவன் மெல்ரொன். ஆளுக்கு ஆறு வயது. தொண்டைக்கு அளவே இல்லை.

"அக்கா! ஓடி வா! குருவி! குருவி!"

அவன் போட்ட கத்தலில் முற்றத்துக் கோழிகள் நாலும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன. அக்கா பிறின்சி பல்லுத் தீட்டிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தாள்.

பிறின்சி ஆண்டு ஐந்தில் படிக்கிறாள். எதைக் கண்டாலும் "ஏன்?" என்று கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஒருநாள் கோயிலில் சுவாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது, "மெழுகுதிரி நெருப்பு ஏன் கீழ போறேல்ல?" என்று உரத்துக் கேட்டு அம்மாவிடம் நல்ல கிள்ளு வாங்கியவள்.

அவள் ஓலையைத் தூக்கிக் குருவியை எடுத்தாள். அது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. மண்ணிறம். வால் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. செட்டைகளோ உடம்பைவிட நீளம். முதுகுக்கு மேலே கத்தரிக்கோல் மாதிரி ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடந்தன.

"விடு அக்கா, பறக்குதோ பாப்பம்."

பிறின்சி அதைச் சீமெந்துத் தரையில் மெல்ல வைத்தாள். குருவி நிற்கவே இல்லை. பொத்தென்று நெஞ்சு தரையில் பட விழுந்தது. செட்டையை அடித்துப் பார்த்தது. செட்டை நுனிதான் தரையில் பட்டு 'டப், டப்' என்றது. ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை.

மெல்ரொனின் கீழுதடு பிதுங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் துசியந்தன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவன் ஆண்டு ஏழு. அவனுடைய மாமி தண்ணீரூற்று என்கிற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். அதனால் தானும் பாதி டொக்டர் என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

"காலைக் காட்டுங்கோ," என்றபடி அவன் வந்து குந்தினான். "ம்ம்... ரெண்டு காலும் முறிஞ்சு போச்சு. கட்டுப் போட வேணும். ஈர்க்கும் துணியும் கொண்டு வாங்கோ."

ஈர்க்கு வந்தது. துணியும் வந்தது. ஆனால் கட்டுப் போடக் கால் வேண்டுமே! குருவியின் கால் பிறின்சியின் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. டொக்டர் தலையைச் சொறிந்தார்.

"முதல்ல சாப்பாடு குடுத்துப் பாருங்கோ," என்றான் துசியந்தன். "இண்டைக்குப் பொழுதுபடுறதுக்கிடையில ஒண்டும் சாப்பிடாட்டி ஆள் தப்பாது."

இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவன் தன்பாட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மெல்ரொன் குசினிக்கு ஓடினான். அரிசிக் குறுணல் கொண்டுவந்து வைத்தான். பாணைத் தேத்தண்ணியில் நனைத்து வைத்தான். அம்மா காணாமல் ஒரு நெத்தலிப் பொரியலும் வைத்தான். குருவி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோழிகள்தான் வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொத்தி முடித்தன. முடித்துவிட்டு, இன்னும் வருமா என்று மெல்ரொனின் கையைப் பார்த்தன.

பிறின்சி கோழியைப் பார்த்தாள். குருவியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கோழியைப் பார்த்தாள்.

கோழியின் சொண்டு நீளம், நல்ல உறுதி. மண்ணைக் கிளறி ஓர் அரிசியைக்கூட எடுத்துவிடும். குருவியின் சொண்டோ எள்ளளவு. பிறின்சி ஒரு குறுணலை அதற்கு முன்னால் நீட்டினாள். குருவிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். 'ஆ' என்று வாயைத் திறந்தது. அம்மாடி! வாய் கண்ணுக்குக் கீழ்வரைக்கும் திறந்தது!

"இவ்வளவு சின்னச் சொண்டுக்கு ஏனடா இவ்வளவு பெரிய வாய்?"

"எனக்கென்ன தெரியும்?" என்று மூக்கை உறிஞ்சினான் மெல்ரொன்.

"அதை ஒரு பெட்டிக்க வையுங்கோ பிள்ளையள், பூனை திரியுது," என்று உள்ளே இருந்து அம்மா றோசம்மா சத்தம் போட்டார்.

பெட்டிக்குள் வைப்பதற்காகப் பிறின்சி குருவியைத் தூக்கினாள். அது அவளுடைய சட்டையைப் பற்றிப் பிடித்துக்கொண்டது. பிடித்தது மட்டுமா? விறுவிறென்று தோள்வரைக்கும் ஏறிவிட்டது. இழுத்தால் வரவில்லை. சட்டை நூல்தான் வந்தது.

"ஆ! குத்துதடா! முறிஞ்ச காலெண்டா இப்பிடிப் பிடிக்குமோ?"

அவள் அந்தக் காலை உற்றுப் பார்த்தாள். கோழியின் காலில் பின்பக்கம் ஊன்றி நிற்க ஒரு விரல் இருக்கிறது. இதற்கு அப்படி ஊன்றுகிற விரல் எதையும் காணோம். எல்லாம் தூண்டில் முள்ளுப்போல வளைந்த நகங்கள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் சாரத்தில் விட்டுப் பார்த்தாள். குருவி சாரத்தைப் பிடித்துக்கொண்டு சுகமாகத் தொங்கியது.

"கால் முறியேல்லை," என்றாள் பிறின்சி. "இது நிக்கிற கால் இல்லை. தொங்கிற கால்."

"அப்ப ஏன் பறக்குதில்லை?"

அதுதான் பிறின்சிக்கும் விளங்கவில்லை. குருவியைப் பெட்டிக்குள் வைத்தார்கள். மத்தியானம் ஆனது. குருவி இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. மெல்ரொன் தானும் சரியாகச் சாப்பிடாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

பின்னேரம் மூன்று மணி, அப்பா மரியநேசன் கடலுக்குப் போகிற நேரம். சாப்பாட்டுப் பையைக் கொடுக்கப் பிறின்சி கரைக்குப் போனாள். அங்கே எட்டுப் பேர் சேர்ந்து அப்பாவின் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளு! இன்னும் தள்ளு!"

முக்கி முனகித் தள்ளியும் படகு ஒரு சாண்தான் நகர்ந்தது. பிறகு மணலில் ஒரு பக்கமாகச் சரிந்துபோய்க் கிடந்தது. மறுபடியும் தள்ளினார்கள். ஓர் அலை வந்து படகின் அடியைத் தொட்டதுதான் தாமதம், அவ்வளவு பாரமான படகு துள்ளி எழும்பியது. அப்பா ஏறி இஞ்சினை இழுத்தார். நாலு மூச்சு விடுவதற்குள் படகு தூரத்தில் ஒரு புள்ளியாகிவிட்டது.

இதைப் பிறின்சி எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். ஆனால் இன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

படகுக்கும் நிற்கத் தெரியாது, நடக்கத் தெரியாது. அதற்காக அதற்கு யாரும் கட்டுப் போடுகிறார்களா? தரை அதற்கு ஒத்துவராது, அவ்வளவுதான். தண்ணீரில் விட்டால் சரி. அப்படியென்றால் குருவியை எதில் விட வேண்டும்?

அவள் அண்ணாந்து பார்த்தாள். பனைகளுக்கு மேலே அதே மாதிரிக் குருவிகள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்று தரையில் இறங்குமா, வேலியில் குந்துமா என்று பார்த்தபடி முந்நூறுவரை எண்ணினாள். ஒன்றும் இறங்கவில்லை. பூச்சிகள் மொய்க்கிற பக்கமே திரும்பித் திரும்பிப் போயின. அந்தப் பெரிய வாய் எதற்கென்று அவளுக்கு இப்போது விளங்கியது. கொத்தித் தின்கிற வாயில்லை அது. பறந்துகொண்டே பூச்சிகளை வாரி அள்ளுகிற வலை!

பிறின்சி வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது.

"டேய் மெல்ரொன்! குருவிக்கு ஒரு வருத்தமும் இல்லை!"

"பொய். அதால நிக்கேலாது, சாப்பிடேலாது, பறக்கேலாது."

"தரையிலதான் ஏலாது. உயரத்தில வைச்சுக் காத்தில விட்டா ஏலும்."

மெல்ரொன் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். "விழுந்து செத்தா?"

பிறின்சி பெட்டியை எட்டிப் பார்த்தாள். விழுந்து செத்தால்? பெட்டிக்குள் குருவி கண்ணை மூடி மூடித் திறந்தது.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு," என்றாள் அவள். "ஆனா பெட்டிக்க இருந்தா கட்டாயம் செத்துப்போடும். அதின்ர சாப்பாடு வானத்திலதான் கிடக்கு. அதைப் பிடிச்சுக் குடுக்க எங்களுக்கு ஏலாதடா."

மெல்ரொன் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான். "விழுந்தா நோகாம கீழ ஏதும் விரிப்பமோ?"

"ஓம், விரிப்பம்!"

அவன் ஓடிப்போய் அப்பாவின் பழைய வலையை இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஐயோ, வலை வேண்டாம். செட்டை சிக்கிப்போடும். போர்வையைக் கொண்டு வா."

கரையோரப் பனைகளுக்கு நடுவே ஓர் ஓட்டைப் படகு கவிழ்ந்து கிடந்தது. அக்காவும் தம்பியும் அதன்மேல் ஏறினார்கள். கீழே போர்வையின் இரண்டு மூலையை அம்மா பிடித்தார். மற்ற இரண்டையும் திரும்பி வந்திருந்த துசியந்தன் பிடித்தான்.

"கெதியா விடுங்கோ பிள்ளையள், அடுப்பில கறி கிடக்கு," என்றார் அம்மா.

"மேல தூக்கி எறி!" என்றான் துசியந்தன்.

"எறியக் கூடாது," என்றாள் பிறின்சி. "படகைக் கடலுக்க எறியிறவையே? கொண்டுபோய் விடுறதுதானே."

குருவியைத் தானே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானே முதல் கண்டனீ. நீயே பிடி. கையை நீட்டி விரிச்சு வைச்சிரு. அமத்தாதை."

மெல்ரொன் கையை விரித்தான். குருவி அவனுடைய விரலைப் பற்றிக்கொண்டு கிடந்தது. காற்று அதன் செட்டையைக் கிளப்பியது. உடம்பு கிடுகிடென்று நடுங்கியது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

"பிள்ளை, கறி..."

"உஷ், அம்மா!"

சட்டென்று குருவி விரலை விட்டது. ஒரு கல் விழுகிற மாதிரி நேரே கீழே விழுந்தது. மெல்ரொன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

போர்வைக்கு ஒரு சாண் இருக்கும்போது இரண்டு செட்டையும் விரிந்தன. குருவி போர்வையை உரசிக்கொண்டு போய், துசியந்தனின் மூக்குக்கு முன்னால் திரும்பி, விர்ரென்று மேலே ஏறியது. அம்மா போர்வையைக் கைவிட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"செத்துப்போச்சோ?" என்று கேட்டான் மெல்ரொன். கண் இன்னும் மூடியபடி.

பிறின்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கண்ணைத் திற மடையா! மேல பார்!"

மேலே பனைகளைச் சுற்றி இருபது முப்பது குருவிகள் சுழன்றுகொண்டிருந்தன.

"பாத்தீங்களே, கால் சுகமாகிட்டுது," என்றான் துசியந்தன்.

"எது அக்கா எங்கட குருவி?"

"தெரியேல்லையடா. எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு."

மெல்ரொன் அண்ணாந்தபடி யோசித்தான். பிறகு கையை உயர்த்தி, ஒவ்வொரு குருவிக்கும் தனித்தனியாக டாட்டா காட்டத் தொடங்கினான். அவை ஓரிடத்தில் நின்றால்தானே! ஒன்றுக்குக் காட்டுவதற்குள் இன்னொன்று குறுக்கே போனது. ஒன்றும் விடுபட்டுப் போகக் கூடாது என்று, கடைசியில் இரண்டு கையாலும் காட்டினான்.